ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கெட்டிமேளம்

கடல் கடந்து ஊழியத்துக்குப் போகிறோம் என்பதால் எங்கள் சபையில் மூன்று சனிக்கிழமைகள் பயிற்சி கொடுத்தார்கள். வேற்றுக் கலாசாரத்துக்குள் நுழையும்போது எப்படிப் பேச வேண்டும், எதைக் கேட்கக் கூடாது, தட்டில் விழுவதை எப்படி முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும் என்றெல்லாம் பாடம் நடந்தது. அதற்கு மேலும் ஒரு படி போய், டேனியல் அண்ணன் பத்துச் சிங்கள வார்த்தைகளைத் தாளில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்தார். வள்ளியூரிலிருந்து கிளம்பிய நாங்கள் நான்கு பேரும் அதைப் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்துக்கொண்டே இலங்கை போய்ச் சேர்ந்தோம்.

நான்கு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். டேனியல் அண்ணன் குழுத் தலைவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விளையாட்டுக்குக்கூட ஒரு பொய் சொல்ல மாட்டார், சொன்னவர்களையும் விட மாட்டார். ஷீபா அக்கா அவர் மனைவி, நர்ஸ். இருவருக்கும் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கிங்ஸ்லி கல்லூரியில் கடைசி வருடம்; டோலக் அடிப்பான், மீதி நேரத்தில் பசிக்கிறது என்பான். நான் பியூலா, சபையில் கீபோர்டு வாசிக்கிறவள். டோலக்கும் என் சின்னக் கீபோர்டும் எங்களோடு வந்தன. அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் சின்னச் சபையில் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் விடுமுறை வகுப்பு எடுப்பதுதான் எங்கள் வேலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்புத்தளை ஸ்டேஷனில் இறங்கியபோது ரயிலின் கடைசிப் பெட்டி மூடுபனிக்குள் காணாமல் போயிருந்தது. ரயிலில் விற்ற இறால் வடையை கிங்ஸ்லி ஒன்பது தின்றிருந்தான். "இது வேற்றுக் கலாசாரத்து வடை, மறுக்கக் கூடாதுல்லா" என்று பயிற்சியை மேற்கோள் காட்டினான்.

அங்கிருந்து பஸ். தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கு வந்ததும் இறங்க வேண்டும். டேனியல் அண்ணன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். முடக்கு வந்தது. கண்டக்டரைப் பார்த்து கம்பீரமாக "நகினவா!" என்றார். கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அண்ணன் இன்னும் சத்தமாக "நகினவா! நகினவா!" என்றார். பஸ் முடக்கைத் தாண்டி மலை இறங்கிக்கொண்டே இருந்தது. பின் ஸீட்டில் இரண்டு பேர் சிரித்துச் சிரித்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பெரகல சந்தியில் பஸ் நின்ற பிறகுதான் கண்டக்டர் நல்ல தமிழில் கேட்டார்.

"ஐயா, நகினவான்னா ஏறப் போறேன்னு அர்த்தம். ஏற்கெனவே ஏறித்தானே நிக்கிறீங்க? எறங்கணும்னா பஹினவா. ஆமா, நீங்க தமிழா?"

"ஆமாங்க."

"அப்ப தமிழ்லயே சொல்லியிருக்கலாமே!"

அண்ணன் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். பிறகு அது வெளியே வரவேயில்லை.

பெரகலயில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடையில் ஒதுங்கினோம். கடைக்கார அக்கா நான்கு கண்ணாடித் தம்ளரில் பால் இல்லாத தேத்தண்ணியும், தேங்காய்ப்பூ போட்டுச் சுட்ட ரொட்டியும், பக்கத்தில் சிவப்பாக ஒரு சம்பலும் வைத்தார். கிங்ஸ்லி அந்தச் சம்பலைத் தக்காளித் தொக்கு என்று நினைத்து ஒரு விரல் நிறைய வழித்து வாயில் போட்டான். அது பச்சை வெங்காயமும் காய்ந்த மிளகாயும் இடித்த கட்டச் சம்பல். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிய வேகத்தைப் பார்த்து கடைக்கார அக்கா பதறிப் போய், "ஐயோ தம்பி, அத ரொட்டியில தொட்டுத் திங்கணும், அள்ளித் திங்கக் கூடாது!" என்று சீனி டப்பாவை நீட்டினார்.

"நீங்க எந்த ஊரு? பேச்சு ஒரு மாதிரியா இருக்கே" என்று அடுத்துக் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பேசியது திருச்சிப் பக்கம் இருக்கும் என் சித்தி பேசுவது போல அச்சு அசல். "வாங்க", "இருக்கு", "ஆமாங்க". நாங்களோ "செய்யுதோம்", "போவுதோம்" என்று நெல்லைத் தமிழில் இழுத்துக்கொண்டிருந்தோம். வேற்றுக் கலாசாரம் வந்து இறங்கியிருந்தது. ஆனால் அது நாங்கள்தான்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. பாஸ்டர் யோகராஜ் அதே தோட்டத்தில் பிறந்தவர், எங்களைவிடப் பத்து வயதுதான் மூத்தவர். தகரக் கூரை போட்ட சபைக்கு எதிரே நீளமாக லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள், வாசலில் கோழி, கொடியில் ஸ்வெட்டர். கைப்பொம்மைகள், வண்ணக் காகிதம், ஒட்டுவதற்குப் பசை, பாட்டு எழுதிய பெரிய அட்டைகள் எல்லாம் நாற்பது பிள்ளைகளுக்கு வருகிற மாதிரி கொண்டுபோயிருந்தோம். வந்தவர்கள் நான்கு பேர். அதில் இருவர் பாஸ்டருடைய பிள்ளைகள்.

நான்கு பேருக்கும் நாற்பது பேருக்கான உற்சாகத்தோடு பொம்மலாட்டம் காட்டி முடித்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். இடுப்பில் சாரம், தடித்த ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர். தோட்டத்து அம்மன் கோயில் கமிட்டித் தலைவர் பெருமாள் என்று பாஸ்டர் காதோரம் சொன்னார்.

"இந்தியாவுலருந்து வந்திருக்கீங்கன்னாங்க. சந்தோசம்" என்றார் பெருமாள். "புள்ளைங்களுக்கு என்னா சொல்லிக் குடுக்குறீங்க?"

"பாட்டு, கதை, கைவேலை, அண்ணாச்சி" என்றார் டேனியல் அண்ணன்.

"மதம் மாத்துறதுக்கா?"

மூன்று சனிக்கிழமைகளில் இந்தக் கேள்வி வரவேயில்லை. கிங்ஸ்லி டோலக்கைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எங்களுக்கு எது பெருசோ அதச் சொல்லுதோம் அண்ணாச்சி. மறைக்கல. ஆனா வீட்டுல கேக்காம எந்தப் பிள்ளையும் வர வேண்டாம். நீங்க அனுப்பாண்டாம்னு நெனச்சா அனுப்பாதீங்க."

பெருமாள் தலையை ஆட்டினார். "மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. நானும் மூஞ்சிக்கு நேரா சொல்லிருறேன். எங்க வீட்டுப் புள்ளைங்க வராது."

போய்விட்டார். படிக்கட்டில் பாதி இறங்கியவர் திரும்பினார். "பொழுது சாஞ்சா இங்க குளிரு தாங்காது. கம்பளி பத்தலன்னா சொல்லி அனுப்புங்க."

கோபப்படுவதா நன்றி சொல்வதா என்று தெரியாமல் நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் "சரி அண்ணாச்சி" என்றோம். சாயங்காலம் கம்பளி வந்தது. நாங்கள் கேட்கவேயில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் சும்மா இருப்பானேன் என்று கொழுந்து பறிக்கிற பெண்களோடு மலைக்குப் போனோம். 'உதவி செய்கிறோம்' என்றுதான் சொன்னோம், அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. செல்வராணி என்ற அக்கா என் இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டிவிட்டு முதுகில் கூடையை மாட்டினார். பக்கத்துச் செடிகளில் அவருடைய இரண்டு கைகளும் கோழி தீனி கொத்துவது போலப் போய்வந்தன. நான் ஒரு கொழுந்தை நின்று நிதானமாக ஆராய்ந்து கிள்ளுவதற்குள் அவர் ஒரு வரிசையே முடித்துவிட்டார்.

பத்து மணிக்கு ஓர் அலறல் கேட்டது. கிங்ஸ்லியின் முழங்காலில் அட்டை. அவன் ஒற்றைக் காலில் குதித்த குதியில் மலை முழுக்க வேலை நின்றது. ஒரு பெண் வந்து சவர்க்காரத்தை, அதாவது சோப்பை, தேய்த்து அதை எடுத்துவிட்டு, "கொஞ்சூண்டு ரத்தந்தான் தம்பி, இந்தியாவுக்குப் போறப்ப மிச்சம் இருக்கும்" என்றார்.

நிறுவையின்போது கணக்கப்பிள்ளை என் கூடையைத் தராசில் வைத்துவிட்டு முள் அசைகிறதா என்று குனிந்து பார்த்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு கொழுந்து என்று கணக்கு உண்டு. அதை எடுத்தால் அன்றைக்கு 'பேர்', குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது பாதி நாள் சம்பளம்.

"பாப்பாவுக்குக் கால்பேர்கூட போட ஏலாது" என்றார் அவர். வரிசையில் நின்ற பெண்கள் கூடையோடு குலுங்கினார்கள். செல்வராணி அக்கா தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி என் கூடையில் போட்டு, "சரி விடுங்க, இப்ப போடுங்க" என்று கணக்கப்பிள்ளையிடம் சண்டைக்கு நின்றார்.

இறங்கி வரும் வழியில்தான் அவர் கல்யாணச் செய்தியைச் சொன்னார். வியாழக்கிழமை அவர் மகள் கௌசிக்குக் கல்யாணம். கௌசி கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை சுரேஷ் பெரகலவுக்குக் கீழே ஒரு தோட்டம். "நீங்க நாலு பேரும் கட்டாயம் வரணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ நகையைக் காட்டுவது போலச் சொன்னார்: "பதுளையிலருந்து மேளம் வருது. நாயனம், தவில் எல்லாம். என் கல்யாணத்துக்கு மேளமே இல்ல பாப்பா. கையெழுத்து வச்சிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போயிட்டேன், வேலைக்குப் பேர் குடுக்க. கௌசி பொறந்தப்பவே நெனச்சேன், இவளுக்கு மேளம் கொட்டித்தான் தாலி ஏறணும்னு."

புதன்கிழமை மழை. வானம் பொத்துக்கொண்டது என்பதை எங்கள் ஊரில் சும்மா சொல்வார்கள். அங்கே நிஜமாகவே பொத்துக்கொண்டது. மத்தியானம் கரண்டு போனது. மூன்று மணிக்கு அப்புத்தளை ரோட்டில் மண் சரிந்து, லொறி அளவு பாறை ஒன்று நடுவில் உட்கார்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. வெல்லவாயப் பக்கம் சுற்றி வரும் வழியிலும் கல் விழுந்திருந்தது. நல்ல வேளை, யாருக்கும் அடிபடவில்லை. பெரகலப் பக்கம் வழி திறந்திருந்ததால் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். பதுளை மேளம் வராது.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெருமாள் குடையோடு வந்தார். குடை இருந்தும் முழுக்க நனைந்திருந்தார். அவர் கௌசியின் தாய்மாமன் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"தங்கச்சி அழுதுக்கிட்டே இருக்கு" என்றார். "இங்க தப்பு அடிக்கிற பயலுக எல்லாம் கொழும்புல ஒரு விழாவுக்குப் போயிட்டானுக. போன்ல போட்டு விடலாம்னா கரண்டு இல்ல, ஸ்பீக்கர் இல்ல. ஒங்ககிட்ட ஒரு மேளம் இருக்கு. அந்தப் பாப்பாகிட்ட பொட்டி இருக்கு, பேட்டரியில பாடுமாம்." குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். "முந்தாநாள் நான் பேசுனது பேசுனதுதான். அத இல்லேன்னு சொல்ல வரல. இன்னைக்குக் கேக்க வந்திருக்கேன். ஏலாதுன்னா ஏலாதுன்னு சொல்லுங்க, மனசுல வச்சுக்க மாட்டேன்."

டேனியல் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். கணக்கில் விடை வராதபோது கரும்பலகை முன்னால் நிற்கிற முகம். கோயில் மண்டபத்தில் நடக்கும் கல்யாணம். ஊரில் எங்களை அனுப்பிவைத்த பெரியவர்கள் கேட்டால் என்ன சொல்வது? அவர் பாஸ்டரைப் பார்த்தார்.

"என்னயப் பாக்காதீங்க பிரதர்" என்றார் பாஸ்டர் யோகராஜ். "எனக்கு டோலக்கும் தெரியாது, பொட்டியும் தெரியாது. வாசிக்கப் போறது நீங்க."

மூலையில் பிள்ளைகளின் காகிதப் பூக்களை அடுக்கிக்கொண்டிருந்த ஷீபா அக்கா தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஏங்க, நம்ம கல்யாணத்துக்கு யாரு நாயனம் வாசிச்சா?"

"அது... வள்ளியூர் கோயில் மேளம்."

"நம்ம சர்ச் வாசல்ல நின்னு நம்ம பாட்டத்தான வாசிச்சாவ? நீங்களே நல்லா இருக்குன்னு இன்னொருக்க வாசிக்கச் சொன்னீங்களே. அவங்க வந்தாவல்லா?"

அண்ணன் டோலக்கைக் கிங்ஸ்லி பக்கம் நகர்த்தினார். ஷீபா அக்கா எழுந்து என்னைப் பார்த்து, "பியூலா, கீபோர்டுக்கு எத்தன பேட்டரி வேணும்?" என்றார்.

"ஆறு அக்கா. பெருசு."

பெருமாள் குடையை மறந்துவிட்டு மழைக்குள் ஓடினார்.

அரை மணி நேரத்தில் லயத்தின் டார்ச்லைட்டுகள் எல்லாம் வயிற்றைத் திறந்துகொண்டு வந்து சேர்ந்தன. ஒரு வீட்டில் ரேடியோவிலிருந்தும் பிடுங்கியிருந்தார்கள். இருபது முப்பது பேட்டரிகளில் உயிருள்ள ஆறைப் பொறுக்கினோம். கீபோர்டில் நாதஸ்வரம் கிடையாது, ஷெனாய் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரிந்ததெல்லாம் சபைக் கீர்த்தனைகள்தான். மெட்டை எடுத்து, வார்த்தையை விட்டு, இழுத்து இழுத்து வாசித்தேன். பெருமாள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ரொம்ப எடுப்பா இருக்கே, இது எந்த ராகம்?" என்றார். பாஸ்டர் யோகராஜுக்குத் திடீரென்று இருமல் வந்து வெளியே போய்விட்டார்.

கிங்ஸ்லிக்குக் கெட்டிமேளம் எப்படி என்று லயத்துப் பிள்ளைகள் வாயாலேயே அடித்துக் காட்டினார்கள். திங்கட்கிழமை முதல் எங்கள் வகுப்புப் பக்கம் தலைகாட்டாத பிள்ளைகள். ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு, "அண்ணே, அப்படி இல்ல, இன்னும் வேகமா! ஐயர் கெட்டி கெட்டின்னு கத்துவாரு, ஒடனே நீங்க படபடபடன்னு!" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வகுப்பில் நாங்கள்தான் மாணவர்கள்.

வியாழக்கிழமை மழை தூறலாகக் குறைந்திருந்தது. மண்டபக் கூரை ஒழுகியது. ஒழுகிய இடம் சரியாக என் கீபோர்டுக்கு மேலே. வேறு இடம் இல்லை. ஆகவே எங்கள் குழுத் தலைவர், கணக்கு வாத்தியார் டேனியல் அண்ணன், கல்யாணம் முடியும் வரை எனக்குப் பின்னால் நின்று கறுப்புக் குடை பிடித்தார். பெரகலயிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், இந்தியாவிலிருந்து மேளக்காரர்களைக் கூட்டிவந்து குடையும் பிடிக்க வைத்திருக்கிறார்கள் என்று மிரண்டுபோய்க் கைகூப்பினார்கள்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். ஷீபா அக்கா கட்டிவிட்ட தலையலங்காரத்தோடு கௌசி வந்து உட்கார்ந்தாள். செல்வராணி அக்கா தூணைப் பிடித்தபடி நின்றார். கண் வீங்கியிருந்தது. ஷெனாய் சத்தம் மண்டபத்தில் ஏறியதும் அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு மெட்டை இன்னும் இழுத்து வாசித்தேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. தாலியைத் தேங்காய் மேல் வைத்து, தட்டில் எடுத்துக்கொண்டு, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பதற்காக மண்டபத்தைச் சுற்றப் போனார்கள். ஐயர் தீபம் காட்டத் தயாரானார். கற்பூரக் கட்டியைக் காணோம். ஈரத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது. பக்கத்திலிருந்தவரிடம் கையை நீட்டி, "கட்டி எங்கய்யா?" என்றார். அவருக்குக் காது கேட்கவில்லை. ஐயர் குரலை உயர்த்தினார்.

"கட்டி! கட்டி!"

கிங்ஸ்லி காலையிலிருந்து அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்தவன். டோலக் மேல் இடி விழுந்தது.

அவ்வளவுதான். மண்டபமே எழுந்துவிட்டது. முன்வரிசை, பின்வரிசை, சமையல் கட்டிலிருந்து ஓடிவந்தவர்கள், அத்தனை பேரும் கையிலிருந்த அட்சதையை முழுசாக வீசினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ வெளியே சீனவெடியைக் கொளுத்திவிட்டார்கள். நானும் நேரம் வந்துவிட்டது என்று வேகத்தைக் கூட்டினேன். இந்தக் களேபரத்துக்கு நடுவே மாப்பிள்ளை சுரேஷ் இரண்டு வெறுங்கைகளையும் தூக்கிக் காட்டிக் கத்தினான்.

"ஏய்! நான் இன்னும் தாலியே கட்டலையே! தாலி எங்க?"

தாலி கடைசி வரிசையில், தட்டோடு, திகைத்துப் போன ஒரு பெரியவர் கையில் இருந்தது.

கிங்ஸ்லி டோலக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தான். முதலில் சிரித்தது யார் தெரியுமா? கல்யாணப் பெண். தலை குனிந்திருந்தவள் தோள் குலுங்க ஆரம்பித்து, அடக்கப் பார்த்து, முடியாமல், பூச்சரம் அவிழ நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தாள். பிறகு மாப்பிள்ளை. பிறகு ஐயர், இன்னும் கிடைக்காத கற்பூரத்துக்கு நீட்டிய கையோடு. அதற்குப் பிறகு அடக்க யாராலும் முடியவில்லை. நான் தூணைத் திரும்பிப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அழுதுகொண்டிருந்த செல்வராணி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். என் தலைக்கு மேலே குடை ஆடியது. டேனியல் அண்ணன் சிரித்த சிரிப்பில் மழைத்தண்ணீர் எல்லாம் என் கழுத்தில்.

வீசின அட்சதை வீசினதுதான். சமையல் கட்டில் இன்னொரு சுளகு அரிசியில் மஞ்சள் பிசைந்து எடுத்துவந்தார்கள். கற்பூரமும் கிடைத்தது. இந்த முறை பெருமாளே கிங்ஸ்லி பக்கத்தில் வந்து நின்று அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தாலி மணமகள் கழுத்துக்குப் பின்னால் போனதும் விட்டார். கிங்ஸ்லி அடித்தான். இரண்டாவது முடிச்சில் என் கீபோர்டு கடைசி மூச்சை இழுத்துவிட்டு அணைந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, அத்தனை குலவை. மேளமும் குலவையும் சேர்ந்து கூரைத் தகரத்தை அதிரச் செய்தன. செல்வராணி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, சத்தம் வராத கீபோர்டின் மேல் இருந்த என் கைகளை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "அக்கா, பேட்டரி தீந்துட்டு" என்றேன்.

பந்தியில் பெருமாள் தானே நின்று பரிமாறினார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், வாழைக்காய், அப்பளம், பாயசம். மேளக்காரர்களுக்கு முதல் பந்தி என்பது முறையாம். கிங்ஸ்லி தனக்குச் செய்த மரியாதையை மூன்று தடவை ஏற்றுக்கொண்டான். வெற்றிலை, பாக்கு, தேங்காய் வைத்த தட்டைப் பெருமாள் நீட்டியபோது டேனியல் அண்ணன் ஒரு கணம் தயங்கினார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள் வகுப்பு. பெஞ்சு போதவில்லை, தரையிலும் இடமில்லை. கைப்பொம்மைக் காக்கையும் அணிலும் பேசிய பேச்சில் பாதி யாருக்கும் கேட்கவில்லை. இடையிடையே பிள்ளைகள் "கெட்டி! கெட்டி!" என்று கத்துவார்கள், கிங்ஸ்லி அடித்தே ஆக வேண்டும். பெருமாள் ஜன்னலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை நின்றார். முடிந்ததும் அண்ணனிடம் வந்தார்.

"எங்க வீட்டுப் புள்ளைங்க வராதுன்னு சொன்னேன். வந்திருச்சு. நீங்க இன்னைக்குச் சொன்னதையும் கேட்டுச்சு. நாளைக்கு வழக்கம்போல கோயிலுக்கும் வரும் தம்பி, அத நான் விட மாட்டேன்."

"விடாதீங்க அண்ணாச்சி" என்றார் டேனியல் அண்ணன்.

இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். யாரும் யாரையும் எதற்கும் சம்மதிக்க வைக்கவில்லை. எனக்கு அப்போது தோன்றியதைச் சொல்கிறேன்: கொடுக்க வருகிறவனாக இருப்பது சுலபம். அடுத்தவர் கம்பளியை வாங்கிப் போர்த்திக்கொள்ளவும், அவர்கள் டார்ச்சுப் பேட்டரியில் வாசிக்கவும்தான் பழக்கம் வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் மண் தள்ளும் பெக்கோ இயந்திரம் பாறையைத் தள்ளிவிட்டது. வழி திறந்ததும் வந்த முதல் வண்டி பதுளை மேளத்துடைய வேன். கல்யாணத்துக்குத்தான் வர முடியவில்லை, பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு வருகிற அன்றைக்காவது வாசித்துவிட்டுப் போகிறோம் என்று அவர்களாகவே வந்திருந்தார்கள். செல்வராணி அக்கா வீட்டு வாசலில் உண்மையான நாயனமும் தவிலும் முழங்கின. அதைக் கேட்ட பிறகு என் ஷெனாயை நினைத்து நான் கம்பளிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கொழும்பு ரயிலில் உட்கார இடம் வேண்டுமானால் அது கிளம்புகிற பதுளைக்கே போய் ஏற வேண்டும் என்று பாஸ்டர் சொன்னார். மேளக்காரர்கள் தங்கள் வேனில் எங்களை ஏற்றிக்கொண்டார்கள். ஒரு பக்கம் தவில், ஒரு பக்கம் டோலக், நடுவில் கீபோர்டு, இண்டு இடுக்குகளில் மனிதர்கள். நாயனக்காரர் கிங்ஸ்லியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதானா அது, ரெண்டு தடவ கெட்டிமேளம் அடிச்சது? பதுளை கடைத்தெரு பூரா அதான் பேச்சு."

கிங்ஸ்லி வெட்கப்பட்டுக்கொண்டே, "மொதல்ல அடிச்சது ஒத்திகை அண்ணே" என்றான்.

பண்டாரவளை தாண்டியதும் நாயனக்காரர் நான் என்ன வாசித்தேன் என்று கேட்டார். வாயால் பாடிக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார், அவ்வளவுதான், நாயனத்தை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டி வாசிக்க ஆரம்பித்துவிட்டார். என் கைக்கு ஒருநாளும் வராத வளைவெல்லாம் அந்த மெட்டில் வந்தது. தவில் சேர்ந்தது. கிங்ஸ்லி சேர்ந்தான். டேனியல் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வார்த்தைகளோடு பாடினார். வேன் முடக்குக்கு முடக்கு ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

எல்ல என்கிற ஊருக்குப் பிரிகிற சந்தியில் வண்டிகள் நெருக்கியதால் நின்றோம். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் நாலைந்து பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பழம் விற்கிற ஒரு சிங்கள அம்மா வேனுக்குள் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை.

"பொண்ணு மாப்பிள்ள எங்கேன்னு கேக்குது" என்றார் தவில்காரர்.

கிங்ஸ்லி ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "இவங்கதான்!" என்று டேனியல் அண்ணனையும் ஷீபா அக்காவையும் கையைக் காட்டினான்.

செத்தோம் என்று நினைத்தேன். அண்ணனுக்குப் பொய் ஆகாது. ஷீபா அக்கா முகம் சிவந்து முந்தானைக்குள் சிரித்தார். பழக்கார அம்மா சந்தோஷத்தில் கூடையிலிருந்து இரண்டு மங்குஸ்தான் பழங்களை எடுத்து ஜன்னல் வழியாக அவர்கள் மடியில் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி வாழ்த்தினார். ரோட்டோரம் நின்ற எல்லோரும் கையாட்ட ஆரம்பித்தார்கள்.

டேனியல் அண்ணன் பழத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு, தலையைக் கோதிவிட்டு, அக்காவின் கையைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து, புது மாப்பிள்ளை மாதிரி எல்லோருக்கும் கையாட்டினார்.

வேன் கிளம்பியது. தவில்காரர் கெட்டிமேளம் அடித்தார்.